சந்தை விலையும் போக நிலைமையும்: வட மாகாணத்தில் வாராந்தக் கண்காணிப்பை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கூட்டுறவுச் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, தொண்டு நிறுவனமோ, பல்கலைக்கழக ஆய்வோ, விலைக் கண்காணிப்பைத் தொடங்குகிற பலர் ஒரு படிவத்தை அச்சடித்துக்கொண்டு நேரே சந்தைக்குப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கையில் ஏராளமான எண்கள் இருக்கும். கத்தரிக்காய் ஏன் ஏறியது, இது வழமையான ஏற்றமா, அரிசிக்கும் இதே நிலைதானா என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. விலைக்கான காரணம் சந்தையில் கிடப்பதில்லை. அது வயலில், குளத்தில், தம்புள்ளை மொத்தச் சந்தையில் அல்லது துறைமுகத்தில் இருக்கும். ஆகவே காரணங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் எழுதிக்கொண்டு, பிறகு விலை எடுக்கத் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகளின் ஒழுங்கு அதனால்தான் இப்படி இருக்கிறது.

1. முதலில் போக நாட்காட்டி

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் கீறிக்கொள்ளுங்கள். அதில் முதல் வரி நெல். வடக்கில் மழையை நம்பிய காலபோக விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில் நடக்கும். அறுவடை தை நடுப்பகுதியில் தொடங்கி மாசி, பங்குனிவரை போகும். குளத்துத் தண்ணீரை நம்பிய சிறுபோகம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணி வாக்கில் முடியும். நெல் விலை அறுவடை உச்சத்தில் விழுந்து கார்த்திகை, மார்கழியில் ஏறும். இந்த ஏற்றம் ஆண்டுதோறும் வருவது. இதை ஆபத்து என்று அறிக்கை எழுதினால் அடுத்த முறை உங்கள் அறிக்கையை யாரும் திறக்கமாட்டார்கள்.

இரண்டாவது வரி மரக்கறி. யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் தை முதல் சித்திரைவரை நன்றாகக் கொடுக்கும். அப்போது தக்காளி, கோவா, சின்ன வெங்காயம் தெற்கே லொறி ஏறும். ஐப்பசி மழை தொடங்கினால் ஓட்டம் திரும்பிவிடும். தம்புள்ளையிலிருந்து ஏ9 வீதி வழியாக மரக்கறி வடக்கே வரும். எந்த மாதத்தில் பொருள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். தை மாதத்தில் யாழ்ப்பாண விலையை உள்ளூர் அறுவடை தீர்மானிக்கும். கார்த்திகையில் அதைத் தம்புள்ளை விலையும் லொறிக் கூலியும் தீர்மானிக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு மாதத்து விலைகளை ஒப்பிட்டால் வரும் விளக்கம் பிழையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வரி திருவிழாக்கள். தைப்பொங்கல், சித்திரை வருடம், புரட்டாசிச் சனி, கந்தசஷ்டி, நோன்பு மாதம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சம் சமைக்கமாட்டார்கள். மரக்கறி ஏறும், மீன் இறங்கும். இதைக் குறித்து வைக்காதவர் ஆவணி மாதத்தில் மரக்கறித் தட்டுப்பாடு வந்துவிட்டதென்று எழுதிவிடுவார்.

நான்காவது வரி அரசாங்கத் தீர்மானங்கள்: இறக்குமதிக்கான விசேட பண்ட வரி, நெல் சந்தைப்படுத்தல் சபையின் கொள்வனவு விலை, வர்த்தமானியில் வரும் அதிகபட்ச சில்லறை விலை. இவற்றுக்கு மாதம் முன்கூட்டித் தெரியாது. நடக்கும் நாளில் எழுத இடம் விட்டு வையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

மின்கலத்தில் இயங்கும் 5 கிலோ தராசு ஒன்று, மழைமானி ஒன்று, நெல் ஈரப்பதன்மானி (வாங்க முடியாவிட்டால் ஒரு ஆலைக்காரரிடம் பழக்கம் பிடித்து வையுங்கள்), தடித்த அட்டைக் கொப்பி, பென்சில். கைபேசிச் செயலி இருந்தாலும் கொப்பியில் ஒரு பிரதி வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் கையோடு திரையைத் தட்டும்போது 180 என்பது 1800 ஆவது புதிய விஷயமில்லை. மூலத்தைப் பார்த்துத் திருத்தக் கொப்பிதான் உதவும்.

பிரதேச செயலகத்துக்கும் சந்தையை நடத்தும் பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கொப்பியோடு விலை கேட்பவரை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஆள் என்று வியாபாரிகள் நினைத்தால் கட்டுப்பாட்டு விலையைத்தான் சொல்வார்கள். விற்கும் விலை வாயில் வராது.

3. பொருட்களைத் தெரிந்தெடுத்து, தரத்தைப் பூட்டுங்கள்

பன்னிரண்டு முதல் பதினைந்து பொருட்கள் போதும். நாட்டரிசி, சிவப்புப் பச்சையரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேங்காய், தேங்காய் எண்ணெய், சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், கத்தரிக்காய், தக்காளி, முட்டை, ஒரு மலிவு மீன். நாற்பது பொருட்களோடு தொடங்கிய படிவங்கள் மூன்றாம் மாதத்தில் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

பட்டியலை விட முக்கியமானது ஒவ்வொரு பொருளுக்கும் எழுதும் விவரணம். “அரிசி” என்று எழுதினால் ஒரு கிழமை நாடு, மறு கிழமை சம்பா, அடுத்த கிழமை கீரிச் சம்பா என்று விலை துள்ளும். எந்த நெல்லினம், புழுங்கலா பச்சையா, உள்ளூரா இறக்குமதியா, பொதியா சில்லறையா என்று நான்கையும் எழுதுங்கள். உருளைக்கிழங்கில் உள்ளூர் கிழங்கும் இறக்குமதிக் கிழங்கும் இரண்டு தனிப் பொருட்கள். யாழ்ப்பாணக் கிழங்கு மாசி, பங்குனியில் வரும்போது இறக்குமதி வரி கூட்டப்பட்டால் இரண்டும் வெவ்வேறு திசையில் போகக்கூடும். ஒரே வரியில் எழுதியிருந்தால் அது உங்கள் கண்ணில் படாது.

அந்தத் தரம் ஒரு நாள் சந்தையில் இல்லையென்றால் அடுத்த தரத்தின் விலையை அந்தக் கட்டத்தில் நிரப்பக் கூடாது. “இல்லை” என்று எழுதுங்கள். இல்லை என்பதும் தரவுதான். பல தடவை அதுவே முதல் அறிகுறி.

4. அலகைக் கிலோவுக்குக் கொண்டுவருதல்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது.

தேங்காய் எண்ணிக்கையில் விற்கும், கீரை பிடியில் விற்கும், நெல் மூடையில் பேசப்படும். மூடை என்றால் எத்தனை கிலோ என்பது இடத்துக்கிடம், வாங்குபவருக்கு வாங்குபவர் மாறும். ஒவ்வொரு ஊரிலும் மூன்று மூடைகளை நிறுத்துப் பார்த்து அந்த எடையைப் படிவத்தின் தலையில் எழுதுங்கள். அரச புள்ளிவிபரங்களில் வரும் புசல் ஏறத்தாழ 20.87 கிலோ நெல். காணி அளவிலும் இதே சிக்கல் உண்டு: கிளிநொச்சியில் ஏக்கர், யாழ்ப்பாணத்தில் பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர்.

தேங்காய்க்குப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று எழுதினால் போதாது. மழை குறைந்த ஆண்டுக்குப் பிறகு “பெரிது” என்பதே சிறுத்துவிடும். விலை அப்படியே நிற்கும், காய் மட்டும் சுருங்கியிருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை உரித்த காய் ஐந்தை நிறுத்து எடையைக் குறியுங்கள். கீரைப் பிடிக்கும் அதே வேலைதான். விலையை ஏற்றாமல் பிடியை மெலிய வைப்பது வியாபாரிக்கு எளிது.

நெல்லில் ஈரம் இன்னொரு பொறி. இயந்திரம் வெட்டி இறக்கியவுடன் வயல் வாசலில் வாங்கும் ஈர நெல்லும், காயவிட்ட நெல்லும் ஒரே விலை இல்லை. நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீத ஈரப்பதன். 22 வீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல் 14 வீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 90.7 கிலோ ஆகிவிடும் (78ஐ 86ஆல் பிரித்தால் வருவது). ஈர நெல் கிலோ 100 ரூபா என்று வைத்துக்கொண்டால் உலர்ந்த கணக்கில் அது ஏறக்குறைய 110 ரூபா. இந்த மாற்றத்தைச் செய்யாமல் வயல் விலையையும் சபை விலையையும் அருகருகே போட்டால் கமக்காரன் இழப்பது உண்மையில் எவ்வளவு என்று யாருக்கும் புரியாது.

கடைசியாகக் கழிவு. வடக்கின் சில பொதுச் சந்தைகளில் கமக்காரனின் பொருளில் 10 வீதம்வரை எடைக் கழிவு எடுப்பது நீண்டகால முறைப்பாடு. 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் 90 கிலோவுக்குத்தான் காசு. அப்படிப்பட்ட சந்தையில் கிலோ 200 ரூபா என்று கமக்காரன் சொன்னால் அவன் கையில் விழுவது 180. “சொன்ன விலை”, “கையில் வந்த விலை” என்று இரண்டு நிரல் வையுங்கள்.

5. சந்தையும் நேரமும்

மூன்று வகைச் சந்தை தேவை. ஒன்று, உற்பத்தியாளர் நேரே கொண்டுவரும் இடம். மருதனார்மடம், சுன்னாகம் போல. இரண்டு, நகரத்துச் சில்லறைச் சந்தை; யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கிளிநொச்சி பொதுச்சந்தை போல. மூன்று, கடைசி மைல்: பெரிய வீதியிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பலசரக்குக் கடை. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போதும் எரிபொருள் தட்டும்போதும் முதலில் விலை ஏறுவது அங்கேதான்.

நாளும் நேரமும் மாறக் கூடாது. காலை 6 மணிக்கு எடுத்த மொத்த விலையும் 11 மணிக்கு வாடிக் கிடக்கும் பொருளின் விலையும் ஒரே பொருளின் விலையல்ல. கிழமைக்கு ஒரு நாள், காலை 8 முதல் 9.30க்குள் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று பூரணை விடுமுறை என்றால் மறுநாள் எடுத்து, அதைக் குறியுங்கள். மீனுக்கு மட்டும் கிழமைக்கு ஒரு நாள் போதாது. சோளகக் காற்று பலமாக அடித்தால் ஒரே இரவில் விலை மாறும். முடிந்தால் மூன்று நாள் எடுங்கள், முடியாவிட்டால் மீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நேர்மையானது.

தென்பகுதி விலையை நீங்கள் போய் எடுக்கத் தேவையில்லை. மத்திய வங்கியின் தினசரி விலை அறிக்கையில் புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்ட விலைகளும் மரந்தகஹமுல அரிசி மொத்த விலையும் வரும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் விலைத் தகவலைத் தொடர்ந்து வெளியிடுகிறது. தம்புள்ளை விலையை உங்கள் தாளில் ஒரு நிரலாகச் சேர்த்துவிட்டால் கார்த்திகை மாத ஏற்றங்களில் பாதிக்கு விளக்கம் தானாக வந்துவிடும்.

6. விலை கேட்பது

ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து வியாபாரிகள். முடிந்தவரை அதே ஐந்து பேர். “இண்டைக்கு எவ்வளவுக்கு குடுக்கிறியள் அண்ணை?” என்று வாங்க வந்தவரைப் போலக் கேட்பதா, கண்காணிப்பு என்று சொல்லிக் கேட்பதா என்றால், சொல்லிக் கேட்பதே நல்லது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொருளையாவது காசு கொடுத்து வாங்கி நிறுத்துப் பாருங்கள். சொல்லும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள தூரம் தெரியவரும்.

ஐந்து விலைகளையும் எழுதி இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் விலையை) எடுங்கள், சராசரியை அல்ல. உதாரணமாக 280, 300, 300, 320, 450 என்று வந்தால் சராசரி 330, இடையம் 300. அந்த 450 சாமான் நல்லதாக இருந்த ஒரு கடையாக இருக்கும். அதற்காக முழுச் சந்தையும் ஏறிவிட்டதென்று சொல்ல முடியாது.

விலையோடு இரண்டு கேள்விகள்: போன கிழமையை விட வரத்து கூடவா குறையவா? எந்த ஊரிலிருந்து வந்தது? விலைக்குப் பின்னாலுள்ள காரணம் அந்தப் பதில்களில்தான் இருக்கும்.

உணவு விலையோடு மட்டும் நிற்காமல் ஆண், பெண் இருபாலாருக்கும் அன்றைய தோட்டக் கூலியையும் எழுதுங்கள். அது எதற்கென்று 9ஆம் படியில் தெரியும்.

7. வயல் பக்கம்

குளத்து நீர்மட்டத்திலிருந்து தொடங்குங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் மட்டம் அடிக்கணக்கில் சொல்லப்படும். முழுக் கொள்ளளவு 36 அடி. பங்குனி மாத மட்டம்தான் சிறுபோகத்தின் அளவை ஏறக்குறையத் தீர்மானிக்கிறது. மாவட்டச் செயலகத்தில் நடக்கும் சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். கூட்டத்தில் முடிவான ஏக்கரையும் உண்மையில் விதைத்த ஏக்கரையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டாவதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம், கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் சரிபார்க்கலாம்.

காலபோகத்தில் பார்க்க வேண்டியது மழையின் பரவல். மொத்த மில்லிமீற்றர் மட்டும் ஏமாற்றும். காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில் விதை முதல் மழைக்கு முளைத்துவிடும். பிறகு பத்து, பன்னிரண்டு நாள் மழை இல்லாமல் போனால் பயிர் கருகும், மறுவிதைப்பு வரும். அதே மாதத்தின் கடைசியில் 150 மில்லிமீற்றர் கொட்டினால் மாதக் கணக்கு “வழமை” என்று காட்டும். ஆகவே ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து, மழையற்ற தொடர் நாட்களை எண்ணுங்கள். எத்தனை வயல்களில் மறுவிதைப்பு நடந்தது என்பதையும் கேளுங்கள். அது அறுவடை பிந்தும் என்பதற்கும் செலவு கூடும் என்பதற்கும் உறுதியான அடையாளம்.

பிறகு, கிழமை தோறும் அதே பத்து வயல்கள். பத்தையும் ஒரே கிராமத்தில் எடுக்க வேண்டாம். மேட்டுக்காணி, குளத்து வாய்க்கால் தலைப்பு, வாய்க்கால் கடைசி என்று பிரித்து எடுங்கள். வாய்க்கால் தலைப்பில் மட்டும் பார்த்தவர் ஆண்டு முழுவதும் நல்ல விளைச்சல் என்றே எழுதுவார். ஒவ்வொரு வயலிலும் பயிரின் வயது, நெல்லினம், தண்ணீர் நிலை, உரம் எப்போது போட்டது, தத்தி அல்லது மடிச்சுக்கட்டிப் புழு உண்டா என்று குறித்தால் போதும். இனத்தைக் குறித்தால் அறுவடை நாளைக் கணக்கிட முடியும்: பிஜி 300 மூன்று மாத இனம், ஏடி 362 மூன்றரை மாதம்.

உரம் போட்ட நாளைக் குறிப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோகம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. யூரியா வேண்டிய வயதில் பயிருக்கு யூரியா கிடைக்கவில்லை என்பது வயலில் கார்த்திகை, மார்கழியிலேயே தெரிந்தது. விளைச்சல் வீழ்ச்சி அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கணக்குக்கு வந்தது.

அறுவடைக் காலத்தில் மழையும் இயந்திரக் கூலியும் பாருங்கள். சாய்ந்த பயிரை வெட்ட இயந்திரத்துக்கு நேரம் கூட எடுக்கும், ஏக்கர் கூலி ஏறும், நெல் ஈரமாக விற்கப்படும். 2024 நவம்பர் இறுதி வெள்ளம் போல இளம்பயிர் மூழ்கினால், மூழ்கிய ஏக்கரை உடனே இழப்பென்று எழுதாதீர்கள். தண்ணீர் வடிந்து ஒரு கிழமை கழித்துப் பார்த்துத்தான் எது மீண்டது என்று சொல்ல முடியும்.

8. செயற்கைக்கோள் படங்களை எந்தளவுக்கு நம்பலாம்

சிர்ப்ஸ் (CHIRPS) என்ற செயற்கைக்கோள் மழைத்தரவு 1981 முதல் உண்டு, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் கட்டங்களில் வரும், இலவசம். அதன் முதற்கட்ட எண்கள் பின்னர் திருத்தப்படும். எனவே பழைய கிழமைகளை மீண்டும் தரவிறக்குங்கள். பச்சைமைச் சுட்டியான என்டிவிஐ கார்த்திகை, மார்கழியில் முகில் மறைப்பால் ஓட்டை விழுந்திருக்கும். தண்ணீர் நிற்கும் இளவயல் அதில் வறண்ட நிலம்போலக் காட்டும், கைவிட்ட வயலில் வளர்ந்த புல் நல்ல பயிர்போலக் காட்டும். எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரிவுசெய்ய இவை நல்லவை. வயலுக்குப் போகாமல் முடிவெடுக்க உதவாதவை.

9. கணக்கு

எக்செல்லில் ஒரு வரிக்கு ஒரு கிழமை, ஒரு பொருள், ஒரு சந்தை. அதே தாளில் குளமட்டம், மழையற்ற நாட்கள், தம்புள்ளை விலை ஆகிய நிரல்கள். விலைக்கோப்பு ஒன்று, வயற்கோப்பு ஒன்று என்று பிரித்தால் அவற்றைச் சேர்க்கும் நாள் வரவே வராது.

போன கிழமையோடு ஒப்பிடுவதைக் கடைசியில் வையுங்கள். முதல் ஒப்பீடு சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு, அதற்கு முந்திய ஆண்டுகளின் இதே மாதங்களோடு. ஆனால் இலங்கையில் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 2021க்கு முந்திய ரூபா விலைகளை அப்படியே சராசரியில் சேர்த்தால் இன்று எல்லாமே நெருக்கடியாகத் தெரியும். 2022 விலையோடு ஒப்பிட்டால் எல்லாமே சுகமாகத் தெரியும். 2023 பிற்பகுதியில் உணவுப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனபோது சாமான் மலிந்துவிட்டதென்று எழுதியவர்கள் செய்த பிழை இதுதான். ரூபா விலையைச் சுட்டெண்ணால் பிரித்து ஒப்பிடுங்கள். சுட்டெண்ணின் அடியாண்டு 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டதால் இரண்டு தொடர்களையும் ஒரே அடியாண்டுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டக் கூடாது.

இதைவிட எளிய, பல சமயம் இதைவிடப் பயனுள்ள அளவு: ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி. உதாரணத்துக்குக் கூலி 2,500, நாட்டரிசி 230 என்றால் 10.9 கிலோ. அரிசி 250 ஆகிக் கூலி மாறாமல் இருந்தால் 10 கிலோ. பணவீக்கம் இதில் தானாகவே கழிந்துவிடும். கூலி கிடைத்த நாட்கள் எத்தனை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். களையெடுப்பு முடிந்து அறுவடை தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் கூலி விலை இறங்காது, வேலை இருக்காது.

நெல்லுக்கும் அரிசிக்கும் இடையிலான தூரத்தையும் மாதாமாதம் கணக்கிடுங்கள். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். உலர் நெல் 120 என்று வைத்தால் அரிசிக்கான மூலச் செலவு கிலோவுக்கு 185 வரை. கடையில் 230 என்றால் இடைவெளி 45. நெல் விலை அசையாமல் இந்த இடைவெளி மட்டும் விரிந்தால் வயலில் தேடாதீர்கள். ஆலை, களஞ்சியம், போக்குவரத்து என்று தேடுங்கள்.

10. எப்போது எச்சரிப்பது

உலக உணவுத் திட்டத்தின் ஆல்ப்ஸ் (ALPS) என்ற விலை எச்சரிக்கை முறை போன்றவை பருவப் போக்கிலிருந்து விலை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பவை. அதற்குப் பல ஆண்டுகளின் மாதத் தரவு வேண்டும். ஓராண்டுத் தரவை வைத்து அந்தச் சூத்திரத்தை ஓட்டினால் அழகான வரைபு வரும், அர்த்தம் வராது.

தொடக்கத்தில் ஒரு எளிய விதி போதும்: விலையில் ஒரு அறிகுறி, வயலில் அல்லது சந்தை வரத்தில் ஒரு அறிகுறி, இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் எச்சரியுங்கள். சின்ன வெங்காயம் ஏறியிருக்கிறது, நடுகைப் பரப்பும் குறைந்திருக்கிறது என்றால் ஏற்றம் நீடிக்கும். வெங்காயம் ஏறியிருக்கிறது, ஆனால் இன்னும் இரண்டு கிழமையில் கிண்டும் நிலையில் தோட்டங்கள் இருக்கின்றன என்றால் பொறுக்கலாம். உள்ளூரில் ஒரு காரணமும் இல்லாமல் பெரிய வெங்காயம் ஏறினால் வெளியே பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இங்கே எந்த வயலைப் பார்த்தும் பதில் கிடைத்திருக்காது.

11. அறிக்கையும் கைமாற்றமும்

ஒரு பக்கம். மேலே ஒரு வசனத்தில் உங்கள் முடிவு, பிறகு நான்கு பொருட்களின் வரைபு, குளமட்டம், மழை, அடுத்த நான்கு கிழமையில் எதிர்பார்ப்பது. விலை எடுத்த திகதியைப் போடுங்கள். அறிக்கை வெளியான திகதி வேறு. போன முறை எதிர்பார்த்தது நடந்ததா என்ற ஒரு வரியும் இருக்கட்டும். அது இருந்தால்தான் வாசிப்பவர் உங்கள் கணிப்பை எடைபோட முடியும்.

திருத்திய எண்ணைப் பழையதன் மேல் எழுதாதீர்கள், பக்கத்து நிரலில் போடுங்கள். தகவல் சேகரிப்பவர் மாறும்போது பழையவரும் புதியவரும் குறைந்தது இரண்டு கிழமை ஒன்றாகப் போய், தனித்தனியே விலை எழுதி, மாலையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும் பொருட்களுக்கு விவரணம் போதவில்லை என்று அர்த்தம். 3ஆம் படிக்குத் திரும்பிப் போய் அதைத் திருத்திவிட்டுத்தான் பழையவரை அனுப்ப வேண்டும்.